முதல் டம்ளர்

நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் அக்கா வியாபாரத்தைத் தொடங்குவாள். பாகூர் ஏரிக்கரையில் காலையில் நடக்கப் போகிற எல்லோருக்கும் அந்த நாக்கு தெரியும். ஒரு மடக்கு மேசை, அதன்மேல் வரிசையாக ஆறு பிளாஸ்க், பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள். முதல் ஆள் வந்து நின்றதும் ஒவ்வொரு பிளாஸ்க்காகத் திறந்து தனக்கு அரை டம்ளர் ஊற்றிக் குடிப்பாள். அருகம்புல், வாழைத்தண்டு, முடக்கத்தான், தூதுவளை என்று ஒன்று விடாமல் குடித்து முடித்து, புறங்கையால் வாயைத் துடைத்து, பச்சை ஏறிய நாக்கை வெளியே நீட்டுவாள். "பாத்துக்கினியா? நான் குடிச்சாச்சு. இப்ப நீ குடி" என்பாள்.

அதுவரை யாருக்கும் ஒரு சொட்டு கிடைக்காது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு வந்த ஒரு ஆபீசர், தனக்கு அவசரம், வாழைத்தண்டு மட்டும் முதலில் கொடுத்துவிடச் சொன்னார். அக்கா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என் தொண்டையத் தாண்டாம உன் தொண்டைக்குப் போவாது சார். நில்லு" என்றாள். அவரும் நின்றார்.

அவளுக்கு வாடிக்கைக்காரர்களின் பெயர் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டாள். குடிப்பதை வைத்துத்தான் கூப்பிடுவாள். முடக்கத்தான் சார், வாழைத்தண்டு அம்மா, அருகம்புல் டீச்சர். நான் மட்டும் விதிவிலக்கு. என்னை 'லேப்பு' என்பாள். கடைத்தெருவில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். அறிமுகமான புதிதில் என்னைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் கேட்டாள்.

"எல்லாரையும் நீ குத்தற. ஒன்ன யாரு குத்தினா?"

"படிக்கும்போது ஒருத்தர் கைய ஒருத்தர் குத்தித்தான் கத்துக்கிட்டோம் அக்கா. என் கையில எத்தன குத்து விழுந்துதுன்னு எனக்கே தெரியாது" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்து முழங்கையின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே ஒரு தழும்பும் இல்லை. இருந்தாலும் அன்றிலிருந்து எனக்கு முருங்கைக்கீரை சூப்பு டம்ளர் வழிய வழியக் கிடைத்தது.

இந்தக் குணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இரண்டு கதை சொல்வாள். மேசை போடுவதற்கு முன்னால் அவள் வில்லியனூர் பக்கத்தில் ஒரு மாத்திரை கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை பார்த்தாள். "நாங்களும் அத முழுங்கல, சூப்பர்வைசரும் முழுங்கல, எழுதிக் குடுக்கற டாக்டரும் முழுங்கல. முழுங்கறவனுக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது" என்பாள். இது சிரித்துக்கொண்டு சொல்கிற கதை. மற்றொன்றில் சிரிப்பு கிடையாது. அவள் தம்பி மனைவிக்குக் காமாலை வந்தபோது யாரோ ஒருவன் கீழாநெல்லி என்று சொல்லி ஏதோ அரைத்துக் கொடுத்திருக்கிறான். நீ ஒரு வாய் குடி பார்க்கலாம் என்று இவள் கேட்டதற்கு, எனக்கென்ன காமாலையா என்று சிரித்திருக்கிறான். ஒரு வாரத்தில் அந்தப் பெண் போய்விட்டாள். "அவன் அன்னிக்கு ஒரு வாய் குடிச்சிருந்தா நான் நம்பியிருப்பேன், குடிக்கல. எனக்குத் தெரிஞ்சுது. ஆனா நான் வாய மூடிக்கினு இருந்துட்டேன்" என்பாள்.

அவளுடைய சோதனைக்கு ஒரு கணக்கும் உண்டு. காலையில் குடித்தால் கெட்டது பொழுது சாய்வதற்குள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. புது இலை என்றால் பத்து நாள் தொடர்ந்து தான் மட்டும் குடிப்பாள், பிறகுதான் மேசைக்கு வரும். ஒருமுறை திருக்கனூர் சந்தையிலிருந்து யாரோ ஒரு பை சிறியாநங்கை கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்த அன்றே வாந்தி. மறுநாள் அந்தப் பையை எங்கள் கண்ணெதிரே வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு, பிளாஸ்க்கை மூன்று தடவை வெந்நீர் விட்டுக் கழுவினாள். இவ்வளவு சுத்தமான மனசுக்காரி கையால் எதைக் கொடுத்தாலும் குடிக்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன்.

ஏழாவது பிளாஸ்க் மேசைக்கு வந்தது கரியமாணிக்கத்துக்காரரால். அவர் கரும்பு விவசாயி, அறுபது வயதுக்கு மேல். இரண்டு முட்டியும் தேய்ந்து, டி.வி.எஸ். வண்டியில் கோலைக் குறுக்கே செருகிக்கொண்டு அவ்வளவு தூரத்திலிருந்து முடக்கத்தான் குடிக்க வருவார். ஒருநாள் கரும்புக் கொல்லை வரப்பில் பிடுங்கிய ஒரு கொடியை மேசையில் போட்டார். தரையோடு படரும் செடி. வட்ட இலை, காம்பு சேருமிடத்தில் உள்வாங்கியிருக்கும், கசக்கினால் குமட்டும். ஆடுதீண்டாப்பாளை.

"முட்டிக்கும் கேக்கும், சொறி செரங்குக்கும் கேக்கும். எங்க பக்கம் வயித்துப் பூச்சிக்குக்கூட குடுப்பாங்கம்மா" என்றார்.

அருகம்புல் டீச்சர் சிரித்தார். "ஆடே தின்னாதத எங்களுக்குக் குடுக்கப் போறியா அக்கா?"

"ஆட்டுக்கு முட்டிவலி கெடயாது டீச்சர்" என்றாள் அக்கா. நாங்கள் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

பத்து நாள் அவள் மட்டும் குடித்தாள். வாந்தி இல்லை, தலைசுற்றல் இல்லை. பதினோராம் நாள் ஏழாவது பிளாஸ்க் வந்தது. என் வீட்டுக்காரருக்குக் கணுக்காலில் பல வருஷமாகக் கரப்பான். கம்பெனி ஷூ போட்டு நின்றே வேலை பார்ப்பவர், தோல் டாக்டர்கள் கொடுத்த களிம்பெல்லாம் கொஞ்ச நாள் கேட்கும், பிறகு பழையபடி சொறிந்து ரத்தம் வரும். நான்தான் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். கசப்பு தாங்காமல் முகத்தைச் சுளித்தவரை, "தம்பி, நான் உனக்கு முன்னாடி குடிச்சேன். என் மூஞ்சி சுளிக்குதா பாரு" என்றாள் அக்கா. ஷிப்டு இல்லாத காலைகளில் எல்லாம் அவர் தவறாமல் போனார்.

பொய் சொல்லக் கூடாது, கேட்டது. மூன்று மாதத்தில் கணுக்கால் ஆறிக் கறுத்து அடங்கிவிட்டது. கரியமாணிக்கத்துக்காரர் கோலை வீட்டில் போட்டுவிட்டு வந்து ஏரிக்கரையில் பத்தடி நடந்து காட்டினார். அக்கா அன்று தன் பங்குக்கு அரை டம்ளருக்குப் பதிலாக ஒரு முழு டம்ளர் குடித்தாள். சந்தோஷத்தில் குடித்ததுதான். அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

இப்படி நாலு வருஷம். வாரம் ஒருநாள் குடிப்பவர் உண்டு, இரண்டு நாள் குடிப்பவர் உண்டு. மழையானாலும் பனியானாலும் ஒருநாளும் விடாமல் குடித்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த நாலாவது வருஷத் தொடக்கத்தில் ஒருநாள் மத்தியானம் லேப்புக்கே வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஏரிக்கரை மேட்ட ஏறினா மூச்சு வாங்குது லேப்பு. இன்னான்னு பாரு."

ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் மிகவும் குறைவு. அந்த வயதுப் பெண்களிடம் தினமும் பார்க்கிற விஷயம். பேரீச்சம்பழமும் கீரையும் சாப்பிடச் சொன்னேன். உனக்கு முருங்கைக்கீரை ஊற்றிக் கொடுப்பவளையே கீரை சாப்பிடச் சொல்கிறாயா என்று சிரித்துவிட்டுப் போனாள். மீதி ரத்தம் டியூபில் இருந்தது. அதிலேயே கிரியேட்டினின் பார்த்திருக்கலாம். சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறதா என்று அது சொல்லிவிடும், ஐந்து நிமிஷ வேலை. யாரும் எழுதித் தரவில்லை, நானும் பார்க்கவில்லை. தினமும் என் முன்னால் நீட்டிய நாக்குதான் அது, மேலே பச்சை இருந்ததால் கீழே வெளுத்துப்போயிருந்தது என் கண்ணில் படவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

எட்டு மாதம் கழித்து மேசைக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவளுக்கு வீட்டில் தம்பி மட்டும்தான், அவனும் வெளியூர் போயிருந்ததால் நான் கூட இருந்தேன். சின்ன வயது டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

"மாத்திரை ஒண்ணுகூட தொட்டதில்ல" என்றாள் அக்கா, மூச்சு வாங்கியபடி. அப்போதும் அதில் பெருமை இருந்தது. பிறகு ஏழு பிளாஸ்க்கையும் வரிசையாகச் சொன்னாள். ஏழாவதைச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தன நாளா?"

"நாலு வருசம். தெனமும்."

"ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சும்மா. இந்தச் செடியில ஒரு அமிலம் இருக்கு. உள்ள போய் தங்கி கொஞ்சம் கொஞ்சமா கிட்னிய காய வெச்சிடும். வலிக்காது. ஒடம்பு வெளுக்கும், மூச்சு வாங்கும், அதுவும் ரொம்ப லேட்டாத்தான் தெரியும்."

"எலதானே டாக்டரம்மா?"

"எலைக்குள்ள இருக்கறதும் கெமிக்கல்தாம்மா. ஆடு மாடு மேயாம இருக்கறதுக்காக செடி தனக்குத்தானே செஞ்சு வெச்சிக்குது. நமக்காக செய்யல."

அக்கா சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டாள்.

"அப்ப எனக்கு ஏன் அன்னிக்கே ஒண்ணும் ஆவல?"

அது அன்றைக்கே சொல்லாது என்றார் டாக்டரம்மா. இனி வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்பதையும் விளக்கினார். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தவங்க? உன் வூட்டுக்காரத் தம்பி குடிச்சுதே. எட்டு பேரு குடிச்சாங்களே லேப்பு."

குடித்தவர்கள் உடனே நிறுத்த வேண்டும், ரத்தம் பார்க்க வேண்டும், போனது திரும்பி வராது, நிறுத்தினால் மேற்கொண்டு போகாமல் ஒருவேளை நிற்கலாம் என்றார் டாக்டரம்மா. பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் கட்டி வரக்கூடும், அதனால் வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அக்காவின் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. சாகக் கிடக்கிறவளின் கையை உதறிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு வாரம் கழித்து, டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில், அக்கா ஏரிக்கரைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கழுத்தில் டயாலிசிஸுக்குப் போட்ட டியூப், அதன்மேல் பெரிய பிளாஸ்திரி. தம்பி மடக்கு மேசையை விரித்துப் போட்டான். மேசைமேல் ஒன்றுமில்லை. பின்னால் உட்கார்ந்துகொண்டாள். நடக்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். எல்லோரும் வரும்வரை காத்திருந்து, வழக்கம்போல் நாக்கை நீட்டினாள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"பாத்துக்கினியா? நான் குடிச்சாச்சு. இனிமே நீ குடிக்காத. ஏழாவது பிளாஸ்க்குல குடிச்சவங்க அல்லாரும் போய் லேப்புகிட்ட கைய நீட்டுங்க."

அன்று ஆறு பேர் வந்தார்கள். வாரத்துக்கு ஒருநாள் குடித்தவர்கள், ஆறு பேருக்கும் ஒன்றுமில்லை. ஏழாவது டியூப் என் வீட்டுக்காரருடையது. இரண்டு தடவை மெஷினில் போட்டேன், இரண்டு தடவையும் அதே எண்தான். கிரியேட்டினின் கூடியிருந்தது. படுக்கிற அளவுக்கு இல்லை, இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தே ஆக வேண்டிய அளவுக்கு இருந்தது. அவர் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "என்னவிட அதிகமா அவங்கதானே குடிச்சாங்க. அவங்கள இன்னான்னு கேக்கறது?" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவளைப் பார்த்துவிட்டும் வந்தார். எனக்கு அந்த மனசு வர மாதங்கள் ஆயின.

எட்டாவது ஆள்தான் வரவில்லை. அக்காவின் தம்பி ஆள்விட்டுச் சொல்லியும் கரியமாணிக்கத்துக்காரர் நம்பவில்லை. அவளுக்குச் சர்க்கரை இருந்திருக்கும், பிரஷர் இருந்திருக்கும், பழியைச் செடிமேல் போடுகிறார்கள் என்றாராம். செடி அவர் வரப்பிலேயே கிடைத்தது. வீட்டிலேயே அரைத்துத் தினமும் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் எப்போது போனாலும் அக்கா முதலில் அதைத்தான் கேட்பாள். "அந்த முட்டிவலிக்காரரு கை நீட்டுனாரா?" இல்லை என்பேன். "கொண்டாந்தது அவருதான், ஆனா நான் குடிச்சு காமிச்சதாலதான் அவரும் நம்பினாரு. நான் வாய மூடிக்கினு இருந்துடக் கூடாது லேப்பு" என்பாள். ஒருமுறை அவளே கிளம்பப் பார்த்தாள். கட்டிலிலிருந்து எழுந்து வாசற்படிவரை வந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஆடி மாதம் ஒரு டயாலிசிஸின் நடுவிலேயே நெஞ்சு நின்றுபோயிற்று.

காரியத்துக்குக் கரியமாணிக்கத்துக்காரர் வந்திருந்தார். கோல் இல்லாமல், நிமிர்ந்து நடந்து வந்தார். படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கேவிக் கேவி அழுதார். "இந்தத் தாயாலதான் நான் நடக்கறேன்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ரத்தம் கொடுங்கள் என்று நான் பக்கத்தில் போய்க் கேட்டதற்கு, சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் ஊசியும் டியூபும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் அவர் வீட்டுக்கே போனேன். அன்பாகத்தான் வரவேற்றார். நாற்காலி போடச் சொன்னார். வந்த காரியத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு டம்ளரோடு வந்தார். அந்தக் குமட்டும் வாசனை எனக்குத் தெரியும்.

"அந்தம்மா குடிச்சிட்டுத்தான் குடுக்கும். நீ ஊசியத் தூக்கிக்கினு வந்து வெஷம்னு சொல்ற. சரி, ஒரு வாய் இத குடி. குடிச்சிட்டு சொல்லு. நான் கைய நீட்டறேன்."

"ஐயா, இது அன்னிக்கே சொல்லாதுன்னு..."

"குடிம்மா. மாட்டன்னா வண்டிய எடு."

டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாயில் எதுவும் ஆகாது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் சட்டைப்பையில் மடித்து வைத்த ரிப்போர்ட் ஞாபகம் வந்தது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்ததும் ஞாபகம் வந்தது. அவளாக இருந்தால் வாங்கிக் குடித்திருப்பாள் என்று தோன்றியது. வாங்கிக் குடித்தேன். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்ப நீட்டுங்க" என்றேன். அவர் சொன்ன சொல் மாறவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். நரம்பு நன்றாகத் தெரிந்தது, ஒரே குத்தில் ரத்தம் வந்தது.

அன்று மத்தியானமே மெஷினில் போட்டேன். வந்த எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி போட்டேன். அக்கா விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் எழுதிய எண்ணுக்கு இது ரொம்பத் தூரமில்லை. உடனே போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தார். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நானே கூட வருகிறேன், அந்தச் சாற்றை இனி தொடாதீர்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீயுந்தானேம்மா குடிச்ச? மூணு நாள் ஆச்சு. ஒனக்கு இன்னா ஆச்சு, சொல்லு."

அவருக்குப் பின்னால் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.